தோளில் இரண்டு நட்சத்திரம்

பழைய ஜெர்மன் ராணுவத்தில் எதிரே வருபவர் யார் என்று தெரிந்துகொள்ள முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தோளைப் பார்த்தால் போதும். என்ன பதவி, எந்தப் படைப்பிரிவு, யார் யாருக்கு முதலில் சல்யூட் அடிக்க வேண்டும் எல்லாம் அந்தத் துண்டுத் துணியிலேயே எழுதியிருக்கும். ஆள் நல்லவனா அயோக்கியனா, நிஜமாகவே அந்தப் பதவியில் இருக்கிறவன்தானா என்பது மட்டும் எழுதியிருக்காது. அதனால் வந்த வினை இரண்டு. ஒன்று உலகமே சிரித்த கதை. இன்னொன்று சிரிக்க முடியாத கதை.

கதைக்கு முன்னால் அந்தத் தோளைப் படிப்பது எப்படி என்று பார்த்துவிடலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கைசர் காலத்துப் பிரஷ்யப் படையில் சாதாரண சிப்பாய்க்குத் தோளில் வெறும் துணிப்பட்டை. அதில் ரெஜிமெண்ட் எண் தைத்திருக்கும். அடுத்த படி கெஃப்ரைட்டர். இவனுக்குக் காலரின் இரண்டு பக்கமும் ஒரு சின்னப் பொத்தான் கிடைக்கும். பதவி உயர்வு அவ்வளவுதான், ஒரு ஜோடி பொத்தான்! அதற்கு மேலே உன்டர்ஆஃபிஸியர். காலரிலும் கைமடிப்பிலும் சரிகை ஓடும். சார்ஜெண்ட் என்றால் சரிகையோடு பெரிய பொத்தானும் உண்டு. ஃபெல்ட்வேபல் என்றால் கையில் இன்னொரு சுற்றுச் சரிகை. கம்பெனியில் சிப்பாய்கள் நிஜமாகப் பயந்து நடுங்கியது இந்த ஃபெல்ட்வேபலுக்குத்தான். அதிகாரிகள் குதிரையில் தூரத்தில் இருப்பார்கள். இவர் பக்கத்திலேயே நிற்பார்.

அதிகாரிகள் விஷயம் வேறு மாதிரி. அவர்களுக்குத் தோளில் துணிப்பட்டை இல்லை, வெள்ளிக் கயிறு. லெஃப்டினன்டுக்குக் கயிறு தட்டையாக ஓடும், நட்சத்திரம் கிடையாது. ஓபர்லெஃப்டினன்டுக்கு ஒன்று. ஹௌப்ட்மான், அதாவது கேப்டனுக்கு, இரண்டு. இதுவரை சுலபம். கேப்டனுக்கு மேலே இருக்கும் மேஜருக்கு எத்தனை தெரியுமா? ஒன்றுமே இல்லை! ஆனால் அவருடைய கயிறு தட்டையாக இருக்காது, சடை மாதிரிப் பின்னியிருக்கும். பிறகு மறுபடியும் ஒன்று, இரண்டு என்று கர்னல் வரை போகும். ஜெனரல்களுக்கு வெள்ளியோடு தங்கமும் சேர்ந்த பின்னல், எண்ணிக்கை திரும்பவும் பூஜ்யத்தில் இருந்து. எல்லோருக்கும் மேலே ஃபீல்டு மார்ஷல். அவருக்கு நட்சத்திரம் இல்லை, குறுக்கே வைத்த இரண்டு செங்கோல்கள். ஆக, நட்சத்திரத்தை எண்ணுவதற்கு முன்னால் கயிற்றைப் பார்க்க வேண்டும். இது தெரியாத ஒருவர் கேப்டனுக்கு விறைப்பாகவும் மேஜருக்கு அலட்சியமாகவும் சல்யூட் வைத்தால் அன்றைக்கு அவர் கதி அதோகதிதான்.

தோளில் இன்னொன்றும் தெரியும். பணம்! படித்த, வசதியான வீட்டுப் பையன்கள் ராணுவத்தில் ஒரே ஒரு வருடம் இருந்தால் போதும் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. சீருடைச் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் அவர்களுடையது. இவர்களுடைய தோள்பட்டையின் ஓரத்தில் ஒரு முறுக்குக் கயிறு ஓடும். பிரஷ்யாவில் அது கறுப்பு வெள்ளை. அந்தக் கயிற்றைப் பார்த்தாலே 'இவன் நம்ம மாதிரி இல்லை' என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். ரிசர்வ் அதிகாரி ஆவதற்கு வழி அதுதான். அந்தக் காலத்து ஜெர்மனியில் ஒரு வக்கீலோ பேராசிரியரோ தன் பட்டத்தைவிடப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது இந்த ரிசர்வ் அதிகாரிப் பட்டத்தைத்தான். யூதர்களுக்கு அந்தக் கதவு சாத்தியிருந்தது. 1885-க்குப் பிறகு முதல் உலகப்போர் வரை பிரஷ்யப் படை ஒரு யூதரைக்கூட ரிசர்வ் அதிகாரி ஆக்கவில்லை. பின்னாளில் வெளியுறவு அமைச்சரான வால்டர் ராத்தெனௌ பெரும் பணக்காரர் வீட்டுப் பிள்ளை. அவரும் ஒரு வருடச் சேவையை முடித்தவர்தான். அவருக்கும் கிடைக்கவில்லை. தகுதி எல்லாம் இருந்தும் தோள் காலியாகவே இருந்தது.

ஆக அந்த நாட்டில் தோள் என்பது வெறும் ராணுவ விஷயம் இல்லை. ஊரே அதைப் படித்தது, ஊரே அதற்கு வழிவிட்டது. இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்த ஒருவர் இருந்தார். அவர் ஜெனரல் இல்லை. செருப்புத் தைக்கிறவர்.

வில்ஹெல்ம் ஃபோய்க்ட் 1849-ல் டில்சிட் ஊரில் பிறந்தவர். பதினெட்டு வயதில் போஸ்டல் மோசடி வழக்கில் நீண்ட தண்டனை. வெளியே வந்தார், மறுபடியும் உள்ளே போனார். 1906 தொடக்கத்தில் விடுதலை ஆனபோது வயது 57. வாழ்க்கையில் ஏறத்தாழ பாதி சிறையிலேயே போயிருந்தது. திருந்தி வாழலாம் என்று விஸ்மார் ஊரில் ஒரு செருப்புக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். முதலாளிக்கு அவரைப் பிடித்திருந்தது. போலீசுக்குப் பிடிக்கவில்லை, முன்னாள் கைதி என்று ஊரை விட்டே அனுப்பிவிட்டார்கள். பெர்லினுக்கு வந்தார். அங்கேயும் இருக்கக் கூடாது என்று உத்தரவு. குடியிருக்கும் பதிவு இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் பதிவு என்கிற செக்குமாட்டுக் கதை.

ஃபோய்க்ட் என்ன செய்தார்? பழைய துணிக் கடைகளுக்குப் போனார். ஒரு கடையில் கோட்டு, இன்னொரு கடையில் வேறொன்று என்று துண்டு துண்டாக ஒரு சீருடையைச் சேர்த்தார். முதலாம் காவல் காலாட்படையின் கேப்டன் சீருடை. பிரஷ்யாவிலேயே கௌரவம் மிகுந்த ரெஜிமெண்ட்! தோளில் தட்டையான வெள்ளிக் கயிறு, இரண்டு நட்சத்திரம். இத்தனைக்கும் அவர் ஒருநாள்கூடப் பட்டாளத்தில் இருந்தவர் இல்லை.

1906 அக்டோபர் 16. பெர்லினின் பிளோட்சன்ஸே பக்கம் காவல் முடிந்து திரும்பிக்கொண்டிருந்த சிப்பாய்களை ஒரு கேப்டன் நிறுத்துகிறார். பேரரசரின் நேரடி உத்தரவு, என் பின்னால் வாருங்கள் என்கிறார். வந்தார்கள். வழியில் இன்னும் சிலரைச் சேர்த்துக்கொள்கிறார், மொத்தம் பத்துப் பேர். ரயில் ஏறி, அப்போது தனி ஊராக இருந்த கோப்பனிக் போய் இறங்குகிறார்கள். நகர மன்றத்தின் வாசல்களில் காவல் போடுகிறார். உள்ளே போய் மேயரைக் கைது செய்கிறார், கணக்கரைக் கைது செய்கிறார். உள்ளூர்ப் போலீஸ்காரர்களும் அவர் சொன்னபடி கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார்கள். கஜானாவில் இருந்த 3,557 மார்க் 45 ஃபென்னிக்கை எண்ணி வாங்கி, ரசீது வேறு கொடுக்கிறார் (கையெழுத்து மட்டும் பொய்ப் பெயரில்). மேயரை வண்டியில் ஏற்றி, சிப்பாய்கள் காவலோடு பெர்லினில் உள்ள ராணுவக் காவல் கூடத்துக்கு அனுப்பிவைக்கிறார். மிச்சச் சிப்பாய்களிடம் இன்னும் அரைமணி நேரம் இங்கேயே காவல் இருங்கள் என்று சொல்லிவிட்டு நடந்துபோய் ரயிலேறி மறைந்துவிட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது மேயரைத்தான். டாக்டர் கியார்க் லாங்கர்ஹான்ஸ் படித்தவர், அதோடு அவரே ஒரு ரிசர்வ் அதிகாரி! தோளைப் படிக்கத் தெரிந்தவர். அவர் கைது ஆணை எங்கே என்று கேட்காமல் இல்லை. கேட்டார். பதிலாக ஃபோய்க்ட் காட்டியது சிப்பாய்களின் துப்பாக்கி முனையை. சிப்பாய்கள் கேப்டனின் தோளைப் பார்த்து வந்தவர்கள், மேயர் சிப்பாய்களைப் பார்த்து அடங்கியவர். 57 வயதில் ஒருவர் இன்னும் கேப்டனாகவே இருப்பாரா என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. தோளைப் படிக்கத் தெரியாத ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் ஒருவேளை சந்தேகப்பட்டிருக்கலாம். நன்றாகப் படிக்கத் தெரிந்ததுதான் சிக்கலே.

பத்து நாளில் பிடிபட்டார். சிறையில் கூட இருந்த ஒருவர் காட்டிக்கொடுத்துவிட்டார். நான்கு வருடத் தண்டனை. ஆனால் அதற்குள் ஜெர்மனி மட்டுமல்ல, வெளிநாட்டுப் பத்திரிகைகளும் விழுந்து விழுந்து சிரித்து முடித்திருந்தன. 1908-ல் பேரரசர் வில்ஹெல்மே மன்னிப்பு வழங்கி விடுவித்தார். ஃபோய்க்ட் மேடை ஏறினார், கையெழுத்துப் போட்ட படங்களை விற்றார், கடைசியில் லக்ஸம்பர்க்கில் குடியேறி 1922-ல் அங்கேயே இறந்தார். 1931-ல் கார்ல் சுக்மயர் அவரைப் பற்றி நாடகம் எழுதினார், பிறகு சினிமாவும் வந்தது. இந்த மாதிரி ஏமாற்று வேலைக்கு ஜெர்மன் மொழியில் ஊர்ப் பெயரை வைத்தே ஒரு சொல் உண்டாகிவிட்டது.

அந்தப் பத்துச் சிப்பாய்கள்? அவர்கள் மேல் குற்றம் எதுவும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். அதிகாரி சொன்னார், கீழ்ப்படிந்தார்கள், அதுதானே சிப்பாயின் வேலை! எல்லோரும் சிரித்த கதையில் இந்த ஒரு வரியை மட்டும் யாரும் நின்று யோசித்த மாதிரி தெரியவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து அதே தோள்களுக்கு வேறொரு நாள் வந்தது. 1918 நவம்பரில் கீல் துறைமுகத்தில் கடற்படையினர் கலகம் செய்தார்கள், சில நாட்களில் அது பெர்லினுக்குப் பரவியது. தெருவில் அதிகாரிகளை நிறுத்தி, சிப்பாய்கள் செய்த முதல் வேலை அவர்கள் தோளில் இருந்ததைப் பிய்த்து எறிந்ததுதான். ஆளை அடிக்கவில்லை என்றாலும் தோளை விடவில்லை. டிசம்பரில் கூடிய தொழிலாளர், சிப்பாய்கள் பேரவை, பதவிச் சின்னங்களையே ஒழிக்க வேண்டும், தலைவர்களைச் சிப்பாய்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஹிண்டன்பர்க் ஒப்புக்கொள்ளவே இல்லை. 1919 ஜனவரியில் ஒரு சமரசம் வந்தது. தோளில் எதுவும் இல்லை, பதிலாக இடது கையில் நீலத் துணிப்பட்டைகள். பார்க்க பஸ் கண்டக்டர் மாதிரி இருந்தது என்று பழைய அதிகாரிகள் புலம்பியிருப்பார்கள். ரொம்ப நாள் நிற்கவில்லை. சில வருடங்களுக்குள் வெள்ளிக் கயிறு மறுபடியும் தோளுக்கு ஏறிவிட்டது, அதே பின்னல், அதே நட்சத்திரக் கணக்கு.

ஹிட்லர் வந்த பிறகும் கணக்கு மாறவில்லை. கழுகும் ஸ்வஸ்திகாவும் சேர்ந்துகொண்டன. புதிதாக வந்த விமானப்படைக்குக் காலரில் சிறகுகள் வைத்தார்கள். லெஃப்டினன்டுக்கு ஒரு சிறகு, அடுத்தவருக்கு இரண்டு, கேப்டனுக்கு மூன்று. தோளில் மட்டும் பழையபடி கேப்டனுக்கு இரண்டு நட்சத்திரம்.

இந்த இடத்தில்தான் இரண்டாவது கதை.

வில்லி ஹெரோல்ட் 1925-ல் சாக்சனியில் பிறந்தவன். புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழில் பழகியவன். 1943-ல் பட்டாளத்துக்கு எடுத்தார்கள், பாராசூட் படையில் இத்தாலியில் சண்டை போட்டான். அவன் பதவி கெஃப்ரைட்டர். கைசர் காலத்தில் ஒரு ஜோடி பொத்தான் கொடுத்தார்களே, அதே பதவிதான். 1945 ஏப்ரல் தொடக்கத்தில், போர் தோற்று எல்லாம் சிதறிக்கொண்டிருந்தபோது, ஹாலந்து எல்லைக்குப் பக்கத்தில் தன் பிரிவைத் தொலைத்துவிட்டுத் தனியாக நடந்துகொண்டிருந்தான். வழியில் கைவிடப்பட்ட ஒரு கார். அதில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் விமானப்படைக் கேப்டன் ஒருவரின் சீருடை, பதக்கங்களோடு. எடுத்துப் போட்டுக்கொண்டான்.

அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. ஃபோய்க்ட் கேப்டனாக இருப்பதற்கு ரொம்ப வயதானவர், இவன் ரொம்பச் சின்னவன். இரண்டு முறையும் வயது யார் கண்ணிலும் படவில்லை.

பிரிவைத் தொலைத்துவிட்டு அலைந்துகொண்டிருந்த சிப்பாய்கள் ஒவ்வொருவராக வந்து அவனிடம் ரிப்போர்ட் செய்தார்கள். அவன் கூப்பிட்டதுகூட அதிகம் இல்லை. தனியாக அலைந்தால் ஓடிப்போனவன் என்று ராணுவப் போலீஸ் தூக்கில் போட்டுவிடும் காலம் அது. ஒரு கேப்டனின் பின்னால் நடந்தால் உயிர் தப்பும். அந்தச் சீருடை அவனுக்கு எவ்வளவு தேவைப்பட்டதோ அவ்வளவு அவர்களுக்கும் தேவைப்பட்டது. ஒவ்வொரு சிப்பாயின் சட்டைப்பையிலும் சோல்ட்பூக் என்கிற சம்பளப் புத்தகம் இருக்கும். பெயர், பதவி, பிரிவு எல்லாம் அதில் இருக்கும். ஹெரோல்டின் புத்தகத்தை வாங்கிப் பார்த்திருந்தால் முதல் பக்கத்திலேயே கதை முடிந்திருக்கும்.

ஏப்ரல் 11 அல்லது 12 வாக்கில் அந்தக் கும்பல் எம்ஸ்லாண்டில் உள்ள அஷ்சென்டார்ஃபர்மோர் முகாமுக்கு வந்து சேர்ந்தது. சதுப்பு நிலத்தின் நடுவில் இருந்த சிறை முகாம். உள்ளே ஏறத்தாழ 3,000 கைதிகள். பெரும்பாலும் ஜெர்மன் சிப்பாய்களே, படையை விட்டு ஓடியது, கீழ்ப்படிய மறுத்தது மாதிரியான குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர்கள். ஃபியூரரே தனக்கு முழு அதிகாரம் கொடுத்து அனுப்பியிருக்கிறார் என்றான் ஹெரோல்ட். முகாமில் சிலர் சட்டப்படி விசாரணை வேண்டாமா என்று தயங்கியதும் உண்மை. அங்கே இங்கே போன் பேசினார்கள். யாரிடம் பேசினாலும் கேள்வி 'இதைச் செய்யலாமா' என்பதாகவே இருந்தது. 'இவன் யார்' என்று ஒருவரும் கேட்கவில்லை. மேலே இருந்தவர்களும் சரி என்றுவிட்டார்கள்.

முதல் நாள் மாலையிலேயே 98 பேர். பள்ளம் தோண்டச் சொல்லி, விமானங்களைச் சுடும் பீரங்கியால் சுட்டார்கள். பிறகு வந்த நாட்களிலும் நிற்கவில்லை. ஒரு வாரத்துக்குள் கொல்லப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். சுட்டவர்களில் அவன் பின்னால் வந்த கும்பல் மட்டும் இல்லை, முகாம் காவலர்களும் இருந்தார்கள். ஏப்ரல் 19-ஆம் தேதி நேசநாட்டு விமானங்கள் முகாமைக் குண்டுபோட்டு அழித்த பிறகுதான் அங்கே முடிந்தது. ஹெரோல்டுக்கு முடியவில்லை. கும்பலோடு கிளம்பிப் போய், வெள்ளைக்கொடி ஏற்றிய ஒரு விவசாயியைத் தூக்கில் போட்டான், லேர் ஊரில் டச்சுக்காரர்கள் ஐந்து பேரை உளவாளிகள் என்று சொல்லிக் கொன்றான்.

நடுவில் ஜெர்மன் தரப்பே அவனைப் பிடித்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். விட்டுவிட்டார்கள்! கேப்டன் இல்லை என்று தெரிந்த பிறகும் விட்டார்கள் என்பதுதான் இந்தக் கதையில் ஜீரணிக்கவே முடியாத இடம். கடைசியில் மே மாதம் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் பிரிட்டிஷார் அவனைப் பிடித்தது ஒரு ரொட்டியைத் திருடியதற்காக. யார் என்று பிறகுதான் தெரிந்தது. 1946 ஆகஸ்டில் ஓல்டன்பர்க்கில் விசாரணை, அதே வருடம் நவம்பர் 14-ஆம் தேதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவனோடு சேர்ந்து சுட்டவர்களில் இன்னும் சிலருக்கும் அதே தண்டனை. 'எங்களுக்கு அவர் கேப்டன்' என்கிற சமாதானம் 1906-ல் பத்துப் பேரைக் காப்பாற்றியது, 1946-ல் காப்பாற்றவில்லை.

இந்த இரண்டு கேப்டன்களுக்கும் நடுவில் ஒரு ஃபீல்டு மார்ஷலையும் சொல்ல வேண்டும். எர்வின் ஃபோன் விட்ஸ்லெபன், 1944 ஜூலை 20-ல் ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சியில் சேர்ந்தவர். தோளில் குறுக்குச் செங்கோல்கள், தரைப்படையில் அதற்கு மேலே பதவியே இல்லை. சீருடையில் இருக்கும் வரை ராணுவ நீதிமன்றம்தான் அவரை விசாரிக்க முடியும். அதனால் ராணுவத்திலேயே ஒரு கௌரவ மன்றம் வைத்து, கூட இருந்த ஜெனரல்களே அவரையும் மற்றவர்களையும் படையை விட்டு நீக்கினார்கள். ஆகஸ்ட் 7-ஆம் தேதி மக்கள் நீதிமன்றத்தில் அவரை நிறுத்தியபோது பொருந்தாத சாதாரண உடை, பெல்ட் கிடையாது. நழுவும் கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கும் நீதிபதி ஃப்ரைஸ்லர் கத்தினார். இதெல்லாம் திரைப்படமாகவே பதிவாகியிருக்கிறது. மறுநாள் தூக்கு. இடம் பிளோட்சன்ஸே சிறை. ஃபோய்க்ட் தன் சிப்பாய்களைப் பொறுக்கிய அதே வட்டாரம்.

நிஜமான மார்ஷலிடமிருந்து சீருடையைக் கழற்றியதும் அவர் பேச்சு எடுபடவில்லை. புகைபோக்கிப் பையன் ஒருவன் சீருடையை மாட்டிக்கொண்டதும் பீரங்கி திரும்பியது. ஏறத்தாழ எட்டு மாத இடைவெளியில் நடந்தவை இரண்டும்.

1955-ல் மேற்கு ஜெர்மனி புதிதாக ராணுவம் தொடங்கியபோது தோளைக் கொஞ்சம் எளிமையாக்கினார்கள். பழைய பின்னல் கயிறு போய்விட்டது. லெஃப்டினன்டுக்கு ஒரு நட்சத்திரம் என்று தொடங்கியதால் கேப்டனுக்கு மூன்று ஆனது. அடுத்த வருடம் வந்த சிப்பாய்கள் சட்டத்தில் பதினோராவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மனித மாண்பைக் கெடுக்கும் உத்தரவுக்குக் கீழ்ப்படியாமல் இருப்பது குற்றம் ஆகாது, உத்தரவை நிறைவேற்றினால் அது குற்றச்செயல் ஆகும் என்றால் நிறைவேற்றவே கூடாது என்கிறது அது. சொல்பவர் தோளில் எத்தனை நட்சத்திரம் இருந்தாலும்.

கோப்பனிக் நகர மன்றத்தின் வாசலில் இன்று ஃபோய்க்டுக்கு ஒரு சிலை நிற்கிறது, கேப்டன் சீருடையில். சுற்றுலா வருபவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அஷ்சென்டார்ஃபர்மோரில் இருப்பது ஒரு இடுகாடு. 1946 தொடக்கத்தில் பிரிட்டிஷார் ஹெரோல்டையும் கூட்டாளிகளையும் அங்கே கொண்டுபோய், கையில் மண்வெட்டி கொடுத்துப் பள்ளங்களைத் தோண்டச் சொன்னார்கள். வெளியே வந்த உடல்கள் 195.